காரைக்குடிப் பக்கம் படம் பிடிக்க வருகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

இயக்குநர்கள், தொடர் எடுப்பவர்கள், இசையமைப்பாளர்கள், ஒலிப்பதிவாளர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நீங்கள் வருவதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பங்காளிகள் நாலா திசையிலும் சிதறிக் கிடக்கிற செட்டியார் வீடுகள் இவை. ஓடு மாற்ற, ஒழுகலை அடைக்க, கரையான் அரித்த உத்திரத்துக்கு முட்டுக் கொடுக்க என்று செலவு நின்றபாடில்லை. நீங்கள் கொடுக்கிற வாடகையில் சில வீடுகள் இடியாமல் நிற்கின்றன. உங்கள் சாப்பாட்டு வண்டியால், லாட்ஜ் அறையால், தினக்கூலியால் இங்கே நாலு பேர் பிழைக்கிறார்கள். வாருங்கள்.

என் குறை வேறு. இத்தனை காலமாக நீங்கள் கண்ணை மட்டும் கொண்டுவருகிறீர்கள். காதை ஊரிலேயே விட்டுவிட்டு வருகிறீர்கள்.

முகப்பில் கேமராவை வைத்தால் பட்டாலை என்கிற கூடம், வளவு என்கிற முற்றம், இரண்டாம் கட்டு, அடுப்படி தாண்டிப் பின்வாசல் வரைக்கும் ஒரே நேர்கோட்டில் கதவுகள் தெரியும். அதற்காகவே வருகிறீர்கள் என்று தெரியும். பர்மா தேக்குத் தூண், இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி, ஆத்தங்குடிக் கல் எல்லாம் உங்கள் படங்களில் வந்தாயிற்று. நெல்லைப் பண்ணையாருக்கும் கானாடுகாத்தான் வீடு, கோயம்புத்தூர்க் கவுண்டருக்கும் அதே வீடு, தஞ்சாவூர் மிராசுக்கும் அதே வீடு. பேய்க்கும் அதே வீடுதான். கதை எந்த மாவட்டத்தில் நடந்தாலும் சரி, பணக்காரக் குடும்பம் என்றால் எங்கள் தெருவில்தான் குடியிருக்கிறது. போகட்டும், சினிமாவில் இடம் மாறுவது புதிதில்லை. ஆனால் அந்த வீட்டுக்குள் கேட்கிற எதுவும் இந்த ஊருடையது இல்லை. பேச்சு இல்லை, பாட்டு இல்லை, கதவுத் தாழ்ப்பாள் சத்தம்கூட ஏதோ ஒரு கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துப் போட்டது.

நான் செட்டியார் வீட்டுப் பெண் இல்லை. என் அப்பா ஆத்தங்குடியில் கல் போட்டவர். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணத்தை ஊற்றி, மணலும் சிமெண்டும் கொட்டிக் கல் எடுக்கிற வேலை. நான் டெலிபோன் எக்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். டிரங்க் கால் காலத்தில் சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று குரல்களோடுதான் என் பொழுது போனது. ஆளைப் பார்க்காமல், பேச்சை வைத்தே எந்த ஊர்க்காரர் என்று சொல்லிவிடுவேன். அந்தக் காதோடு உங்கள் படத்தையும் தொடரையும் பார்ப்பதுதான் என் சங்கடம்.

இதை உங்களிடம் கேட்க இந்த ஊருக்கு உரிமை உண்டு. தமிழ் சினிமாவின் காது ஒருவகையில் இங்கேதான் திறந்தது. ஏ.வி.எம். ஸ்டுடியோவைத் தொடங்கிய ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் காரைக்குடிக்காரர். அவர் தொழிலுக்கு வந்தது கேமரா வழியாக இல்லை, கிராமபோன் தட்டு வழியாக. இங்கே அப்பாவின் கடையில் தட்டு விற்றுப் பழகியவர், பிறகு சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் தொடங்கித் தட்டுகள் வெளியிட்டார். படம் எடுக்க வந்த பிறகும் அவருடைய சோதனைகளில் பாதி சத்தத்தைப் பற்றியவைதான். 1938-இல் வந்த 'நந்தகுமார்' படத்தில் திரையில் ஒருவர் வாயசைக்க, வேறொருவர் பாடினார். கன்னட 'ஹரிச்சந்திரா'வுக்குத் தமிழ்க் குரல் பூட்டி 1944-இல் வெளியிட்டார். 'ஸ்ரீவள்ளி'யில் கதாநாயகியின் பாட்டு திருப்தியாக இல்லை என்று படம் முடிந்த பிறகு பி.ஏ. பெரியநாயகியின் குரலைச் சேர்த்தார். குரலை உடம்பிலிருந்து பிரித்தெடுக்கிற வித்தையைத் தமிழ் சினிமாவுக்குப் பழக்கிக் கொடுத்தவர்களில் எங்கள் ஊர்க்காரர் முக்கியமானவர். நீங்கள் இன்று செய்கிற டப்பிங் கூத்துக்கு நாங்களும் கொஞ்சம் பொறுப்பு என்று நீங்கள் திருப்பிச் சொன்னால், சரி, ஒப்புக்கொள்கிறேன்.

யுத்தத்தை ஒட்டிய ஆண்டுகளில் அவர் ஸ்டுடியோவை இங்கே தேவகோட்டை ரஸ்தாவில் வைத்திருந்தார். கொட்டகைகள்தான். அங்கே உருவான 'நாம் இருவர்' 1947 பொங்கலுக்கு வந்தது. சுதந்திரம் கிடைக்க இன்னும் ஏழு மாதம் இருந்தது. அதற்குள் அந்தப் படத்தில் டி.கே. பட்டம்மாள், சுதந்திரம் அடைந்துவிட்டோம் என்ற பாரதியின் பள்ளுப் பாட்டைப் பாட, குமாரி கமலா ஆடிவிட்டார். இசை ஆர். சுதர்சனம். இன்று கேட்டாலும் அந்தப் பதிவில் ஒரு துள்ளல் இருக்கிறது. பெரிய வாத்தியக் கூட்டம் இல்லை, குரல் முன்னால் நிற்கிறது, ஒவ்வொரு சொல்லும் விழுகிறது. அடுத்த ஆண்டே ஸ்டுடியோ கோடம்பாக்கம் போய்விட்டது. அதன் பிறகு ஊருக்குத் திரும்பி வந்தது கேமரா மட்டும்தான்.

இப்போது படங்களுக்கு வருகிறேன். இங்கே எடுத்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது 2000-இல் வந்த ராஜீவ் மேனனின் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்'. ஆங்கில நாவல் ஒன்றின் கதை என்றாலும் எங்களுக்கு அது அந்நியமாகப் படவே இல்லை. தாத்தா இறந்ததும் ஓர் உயிலால் வீடு கைமாறுகிறது, பெண்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பட்டணம் போகிறார்கள். இதைவிடச் செட்டிநாட்டுக் கதை வேறு ஏது? வீடு அதில் வெறும் பின்னணியாக இல்லை, பறிபோகிற பொருளாக இருக்கிறது. அதனால்தான் அந்தத் தூண்களைப் பார்க்கும்போது வலிக்கிறது. ரகுமானின் இசையிலும் நாட்டக்குறிஞ்சி ராகத்தில் வருகிற 'கண்ணாமூச்சி ஏனடா' அந்த வளவின் அளவுக்குச் சரியாகப் பொருந்துகிற பாட்டு. வீட்டுப் பெண் வீட்டுக்குள் பாடுகிற குரல் அது. என் மனத்தாங்கல் ஒன்றுதான். படத்தின் பெயரைத் தாங்கிய பாட்டுக்கு ஸ்காட்லாந்துக் கோட்டைக்குப் போய்விட்டார்கள். இவ்வளவு பெரிய வீடு கையில் இருக்கும்போது கோட்டை எதற்கு என்று என் தங்கை இன்னும் கேட்கிறாள். பாட்டு நல்ல பாட்டு, அதைச் சொல்லியாக வேண்டும்.

மற்ற படங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. அரிவாள், சுமோ, முகப்பில் நின்று முழங்குகிற பெரியவர், பின்னால் தவில். இரண்டு படம் பார்த்தால் இருபது படம் பார்த்த மாதிரி.

தொடர்களைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், தினம் வீட்டுக்குள் வருவது அவைதானே. செட்டிநாட்டு வீட்டில் நடப்பதாகச் சொல்லப்படுகிற தொடரில் பெரியவர் மதுரைப் பேச்சு பேசுகிறார், மருமகள் சென்னைப் பேச்சு பேசுகிறாள், சமையல்காரர் எங்கிருந்தோ திருநெல்வேலி 'லே' போடுகிறார். எங்கள் பக்கத்துப் பேச்சு அப்படி இல்லை. "அவுக வந்தாக, ஒரு வாய் சாப்பிட்டாக, போயிட்டாக" என்று இழுத்து, மரியாதையோடு, ஆனால் ஒரு குத்தலும் உள்ளே வைத்துப் பேசுவார்கள். அப்பாவை அப்பச்சி என்பார்கள், அம்மாவை ஆத்தா என்பார்கள், அப்பாவைப் பெற்றவள் அப்பத்தா, அம்மாவைப் பெற்றவள் ஆயா. உங்கள் தொடரில் மூன்று தலைமுறையும் ஒரே மாதிரி 'பாட்டி' என்று கூப்பிடுகிறது. பாட்டியும் அடுப்படியில் நிற்கும்போதே பட்டுச் சேலையும் அட்டிகையுமாக நிற்கிறார். இந்த ஊர்க் கண்டாங்கி பருத்திச் சேலைக்கு 2019-இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. ஒன்று வாங்கிக் கட்டிவிட்டால் பட்ஜெட்டும் மிச்சம்.

அப்புறம் அந்தப் பின்னணி இசை! ஒருத்தி திரும்பிப் பார்த்தால் ஒரு 'டொய்ங்'. மாமியார் படியிறங்கினால் வயலின் கும்பல். அம்மா அழுதால் புல்லாங்குழல், அதுவும் போன வாரம் வேறொரு அம்மாவுக்கு வாசித்த அதே புல்லாங்குழல். அதிர்ச்சிச் செய்தி என்றால் ஒரே முகத்தை மூன்று தடவை காட்டி மூன்று தடவை இடி. எங்கள் பக்கம் அதிர்ச்சிச் செய்தி வந்தால் முதலில் யாரும் பேசமாட்டார்கள். அந்த மௌனத்துக்கு உங்களிடம் ஒரு நிமிஷம்கூட இல்லை, விளம்பரத்துக்கு மட்டும் இருக்கிறது.

தொடர்களில் நல்ல இசையே வந்ததில்லை என்று சொல்லமாட்டேன். 1999-இல் தொடங்கிய 'சித்தி'க்கு தினா போட்ட 'கண்ணின் மணி' பாட்டு தெருவில் எல்லா வீட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் கேட்கும். நடந்து போனால் ஒரு வரியும் விடுபடாமல் முழுப் பாட்டையும் கேட்டுவிடலாம். பாடியவர் நித்யஸ்ரீ, 'நாம் இருவ'ரில் பாடிய பட்டம்மாளின் பேத்தி. அந்தக் குரலில் பயிற்சி இருந்தது, பாட்டில் ஒரு பெண்ணின் கதை இருந்தது. இப்போது வருகிற முகப்புப் பாட்டுகளில் கதாநாயகியின் பெயரை எட்டுத் தடவை கத்துகிறார்கள், அவ்வளவுதான்.

ஒரு சமயம் எங்கள் தெருவில் ஒரு தொடரின் படப்பிடிப்பு நடந்தது. எந்தத் தொடர் என்று சொல்லப்போவதில்லை. மிக்ஸி போடாதீர்கள், குழந்தையை உள்ளே கூட்டிப் போங்கள், கோயில் ஒலிபெருக்கியைக் குறையுங்கள் என்று ஒரு பையன் வீடு வீடாக வந்து கெஞ்சினான். பாவம், நாங்களும் சட்னி அரைக்காமல் காத்திருந்தோம். ஒளிபரப்பானபோது பார்த்தால் எல்லோருக்கும் டப்பிங் குரல், தெருவுக்குக் குயில் சத்தம். நண்பகல் வெயிலில், அந்தத் தெருவில், குயில்! எங்கள் சட்னியைத் தியாகம் செய்ததற்கு ஒரு காக்கையாவது கேட்டிருக்கலாம்.

முடியாத காரியம் என்று சொல்லாதீர்கள். 2004-இல் வந்த 'விருமாண்டி' நேரடி ஒலிப்பதிவில் எடுத்த படம். அந்தப் படத்தில் கூட்டம் கூடினால் கூட்டத்தின் இரைச்சலோடு ஆள் ஆளுக்குப் பேச்சு ஏறி விழுகிறது, ஊர் அங்கே இருக்கிறது. காது வைத்தால் நடிகர்களுக்கும் வராமல் போகாது. மனோரமா மன்னார்குடியில் பிறந்தாலும் வளர்ந்தது இங்கே பள்ளத்தூரில்தான். 'பள்ளத்தூர் பாப்பா' என்று நாடக மேடையில் பேர் வாங்கியவர். அவர் 'பொம்மலாட்டம்' படத்தில் மெட்ராஸ் பாஷையில் பாடிய 'வா வாத்தியாரே'யைக் கேட்டுவிட்டு, இவர் செட்டிநாட்டு ஊரில் வளர்ந்தவர் என்று யாராவது நம்புவார்களா? கொங்குப் பேச்சு, ஐயர் வீட்டுப் பேச்சு, எதைக் கொடுத்தாலும் அந்தந்த ஊர்க்காரியாகவே நின்றார். எங்கள் ஊர்ப் பெண் மற்ற ஊர்ப் பேச்செல்லாம் பழகினார். எங்கள் பேச்சைப் பழக ஒரு நடிகைக்கு நீங்கள் ஒரு வாரம் கொடுக்கக் கூடாதா?

இனி இசையமைப்பாளர்களிடம் தனியாக. வீட்டுப் பின்னணி என்றதும் நீங்கள் எடுப்பது ஒரு கோயில் மணி, ஒரு வீணை மீட்டு, முடிந்தது. வீணை வேண்டும் என்றால் அதற்கும் இந்த ஊரில் ஒரு பாணி இருக்கிறது. காரைக்குடி சகோதரர்கள் சுப்பராம ஐயர், சாம்பசிவ ஐயர். அண்ணன் வீணையை நிமிர்த்தி வைத்து வாசித்தவர். தம்பி சாம்பசிவ ஐயர் 1958 வரை இருந்தார், பதிவுகள் கிடைக்கின்றன. அவர் வாசித்த தானத்தை, அதாவது ராகத்தைத் துடிப்போடு விரித்து வாசிக்கிற பகுதியை, கொஞ்சம் கேளுங்கள். இனிமை சொட்டச் சொட்ட இழுக்கிற வாசிப்பு இல்லை அது. ஒவ்வொரு மீட்டும் உளி பட்ட மாதிரி தெளிவாக விழும். ஒரு பெரிய வீட்டின் கண்டிப்பை, கணக்கை, கௌரவத்தைக் காட்ட அதைவிடப் பொருத்தமான சத்தம் எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச தூரத்தில் அரியக்குடி. இன்றைக்கு மேடையில் பாடுகிற கச்சேரியின் வரிசை முறையை அமைத்துக் கொடுத்த ராமானுஜ ஐயங்கார் பிறந்த ஊர். 2023-இல் மறைந்த மிருதங்க மேதை மணி காரைக்குடியைத் தம் பெயரிலேயே சுமந்தவர். தமிழில் பாடு என்று 1943-இல் தமிழ் இசைச் சங்கம் கண்ட அண்ணாமலைச் செட்டியார், நீங்கள் அடிக்கடி படம் பிடிக்கிற அதே கானாடுகாத்தான்காரர். இவ்வளவும் இருக்க, கீபோர்டில் ஏழாவது பொத்தானில் இருக்கிற வீணையையே தட்டிக்கொண்டிருந்தால் எப்படி?

கச்சேரி வேண்டாம், வீட்டுச் சத்தம் போதும் என்றாலும் குறைவில்லை. கல்யாணத்தில் இங்கே சங்கு ஊதுவார்கள். வெளியூர்க்காரர்கள் திடுக்கிடுவார்கள். தைப்பூசத்துக்குக் காவடியோடு பழனிக்கு நடக்கிறவர்களின் பாட்டு, விடிவதற்கு முன்னால், குன்றக்குடிச் சாலையில் கேட்க வேண்டும். மழைக்காலத்தில் வளவின் நாலு பக்க ஓட்டிலிருந்தும் தண்ணீர் இறங்கி அண்டாவில் விழுகிற சத்தம், பட்டாலைக்கு ஒரு மாதிரியும் மேல் மாடிக்கு வேறு மாதிரியும் கேட்கும். ஒலிப்பதிவாளர்களே, அந்த வீடுகள் சத்தத்தை எப்படித் திருப்பிக் கொடுக்கின்றன என்று ஒரே ஒரு தடவை கைதட்டிப் பாருங்கள். ஸ்டுடியோவில் எந்தக் கருவியாலும் அதைச் செய்து காட்ட முடியாது.

தாலாட்டை மறந்துவிடாதீர்கள். இங்கத்துத் தாலாட்டில் அம்மான் சீர் வரும், அப்பச்சி கொண்டுவிக்க, அதாவது வியாபாரத்துக்கு, போன ரங்கூனும் பினாங்கும் வரும். சிறுகூடல்பட்டியில் பிறந்த கண்ணதாசன் அதைக் கேட்டு வளர்ந்தவர் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம், 'பாசமல'ரில் 'மலர்ந்தும் மலராத' பாட்டைக் கேட்டால் போதும். குழந்தையைத் தூங்க வைக்கிற சாக்கில் மாமன் பெருமையும் குடும்பச் செல்வமும் சொல்லிக்கொண்டே போவது எங்கள் ஆச்சிமார் பழக்கம். 1966-இல் வந்த பழைய 'சித்தி' படத்தில் 'காலமிது காலமிது' இன்னும் ஒரு படி மேல். பெண் குழந்தையே, இப்போதே தூங்கிக்கொள், பிறகு உனக்குத் தூக்கம் கிடையாது என்று சொல்கிற தாலாட்டு. விஸ்வநாதனின் மெட்டு ஒரு இடத்திலும் துருத்தவில்லை, சுசீலாவின் குரல் அழவில்லை. தொடரில் அழுகிற அத்தனை பேரையும் ஒருநாள் உட்கார வைத்து அதைக் கேட்கச் செய்ய வேண்டும். கண்ணதாசனின் ஊர்க்காரர் பஞ்சு அருணாசலம்தான் 1976-இல் 'அன்னக்கிளி'யில் இளையராஜாவைக் கொண்டுவந்தார், பாட்டுகளையும் தாமே எழுதினார். வயல்காட்டுப் பாட்டும் கல்யாண வீட்டுப் பாட்டும் அப்படியே திரைக்கு வரலாம் என்று நம்பிய ஒருவர் இருந்ததால்தான் அது நடந்தது. சிறுகூடல்பட்டி சின்ன ஊர்தான். வரும்போது மலையரசியம்மன் கோயிலில் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போங்கள்.

கதை இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். நீங்கள் படம் பிடிக்கிற தேக்குத் தூணெல்லாம் பர்மாவிலிருந்து வந்தது என்று எல்லோருக்கும் தெரியும், அங்கே என்ன நடந்தது என்பது படத்தில் வந்ததே இல்லை என்று சொல்லலாம். 1930-களின் கடைசியில் கீழ் பர்மாவின் நெல் வயலில் ஏறத்தாழக் கால் பங்கு செட்டியார்களிடம் இருந்தது. கடனுக்கு ஈடாக வந்த நிலம். அதை இழந்த பர்மிய விவசாயியின் கோபமும் அந்தக் கதையில் வரவேண்டும், நாம் மட்டும் நல்லவர்களாக இருக்க முடியாது. பிறகு குண்டு விழுந்தது. 1942-இல் லட்சக்கணக்கான இந்தியர்கள் மலையும் காடும் கடந்து நடந்தே வந்தார்கள். 1963, 64-இல் வங்கியும் கடையும் அரசுடைமை ஆகி, மிச்சமிருந்ததும் போயிற்று. 'பராசக்தி'யில் ரங்கூன் அண்ணன்மாரும் யுத்தமும் வருகிறார்கள், ஆனால் மதுரைப் பக்கம் திரும்பியதும் கதை வேறு தர்க்கத்துக்குப் போய்விடுகிறது. அது அந்தப் படத்தின் நோக்கம், குறை சொல்லவில்லை. ஆனால் எழுபது ஆண்டுக்கு மேல் ஆகியும் அடுத்த ஆள் வரவில்லையே.

அந்தப் படத்தை எடுக்கிறவர் செட்டியார்களோடு நிறுத்திவிடவும் வேண்டாம். அந்த வீட்டைக் கட்டிய கொத்தனாரும், நிலையைச் செதுக்கிய ஆசாரியும், தறியில் உட்கார்ந்தவர்களும், கூடவே பர்மாவுக்குப் போய்த் திரும்பாத சமையல்காரரும் அதில் இருக்க வேண்டும். முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்துச் சுவரைத் தேய்த்துப் பளபளப்பாக்கிய கைகளுக்கு உங்கள் படத்தில் இதுவரை ஒரு வசனம்கூட இல்லை.

கடைசியாக, நடைமுறைக்கு. லொகேஷன் பார்க்க வரும்போது கேமராமேனோடு ஒலிப்பதிவாளரையும் கூட்டி வாருங்கள். மாசி பங்குனியில் முத்துமாரியம்மன் திருவிழா சமயம் வந்தால் முளைப்பாரிக் கும்மியைப் பதிவு செய்யலாம். பாடுகிற பெண்களிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள், பாட்டைப் படத்தில் பயன்படுத்தினால் பணம் கொடுங்கள், பெயரும் போடுங்கள். வீட்டின் சத்தம் வேண்டும் என்றால் மின்வாரியம் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்துகிற நாளை விசாரித்துக்கொண்டு வாருங்கள். காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் வரை மோட்டார் ஓடாது, மிக்ஸி ஓடாது, தொடரும் ஓடாது. யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. உங்கள் ஜெனரேட்டர் வண்டியை மட்டும் அன்றைக்குத் தெருவுக்குள் கொண்டுவந்துவிடாதீர்கள், பஸ் ஸ்டாண்டுப் பக்கமே நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள்.

இப்படிக்கு,
காரைக்குடிக்காரி ஒருத்தி